டூசான் மோட்டல் அறைகளில் கல் வாங்குவது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசான் நகரின் கனிமக் கண்காட்சி, 1955-ல் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆரம்பித்து, 1972-ல் நகர மாநாட்டு மையத்துக்கு மாறியது. பிப்ரவரி இரண்டாவது வார இறுதியை ஒட்டி நான்கு நாள் நடக்கும். ஆனால் வியாபாரம் ஜனவரிக் கடைசியிலேயே மோட்டல் (சாலையோரத் தங்கும் விடுதி) அறைகளில் சூடுபிடித்துவிடும்.

மையத்தில் கடை கிடைப்பது கஷ்டம். சரக்கோடு வந்தவர் தங்குவதற்கு எப்படியும் அறை எடுத்தாக வேண்டும். கட்டில்மேல் தட்டுகளைப் பரப்பிக் கதவைத் திறந்து வைத்தால் அதுவே கடை. முதலில் நுழைபவர்கள் பெரும்பாலும் சக வியாபாரிகள்தான். கண்காட்சியில் விற்க அவர்களுக்கும் புதுச் சரக்கு வேண்டும். இப்படி ஒரே கல் இரண்டு மூன்று கை மாறும், ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். நீங்கள் நிற்கும் அறை எத்தனையாவது கை என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1. வாங்காமல் ஒரு சுற்று

முதல் நாள் பணத்தை எடுக்காதீர்கள். ஒரே ஊர்க் கனிமம் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தால் அது மூலத்துக்கு அருகிலுள்ள அறை. புனே அருகே வாகோலியில் கிடைக்கும் நீலநிறக் கவன்சைட், ஜல்காவ் பக்கத்து அபோஃபிலைட் எல்லாம் இந்திய வியாபாரிகளிடம் இப்படித்தான் இருக்கும். பத்து நாட்டுக் கற்கள், ஒவ்வொன்றும் தனி டப்பாவில், அச்சடித்த சீட்டோடு இருந்தால் அது பிந்திய கை. அங்கே விலை கூடுதல். ஆனால் நல்லதைப் பொறுக்கி எடுக்கும் வேலையை அவர் செய்து முடித்திருப்பார். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

சில அறைகள் மொத்த வியாபாரத்துக்கு மட்டும். வணிக உரிமம் கேட்பார்கள். இல்லையென்றால் வாதாட வேண்டாம், அடுத்த கதவுக்குப் போங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு லூப் (கையடக்க உருப்பெருக்கிக் கண்ணாடி), 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், சின்ன நோட்டு, பேனா, ரொக்கம்.

3. கல்லைப் பரிசோதிப்பது

அறை விளக்கில் எந்தக் கல்லும் அழகாகத் தெரியும். அனுமதி கேட்டு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். படிகத்தைப் பசையால் ஒட்டியிருக்கிறார்களா என்று அறிய, அது தாய்ப்பாறையில் சேரும் இடத்தை லூப்பில் சுற்றிவரப் பாருங்கள். பிறகு டார்ச் அடியுங்கள்: ஒட்டிய பசை பல சமயம் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். கால்சைட்டும் ஃபுளோரைட்டும் தாமாகவே ஒளிரக்கூடியவை என்பதால், வெறும் ஒளிர்வை வைத்து முடிவு கட்டாதீர்கள். இணைப்பை ஒட்டி மெல்லிய கோடாக ஒளிர்கிறதா என்பதே கேள்வி. ஒளிராத பசையும் உண்டு, அதனால் லூப்பை விட முடியாது.

நுனியில் கருகிய ஆரஞ்சும் அடியில் பால்வெள்ளையுமாக இருக்கும் 'சிட்ரின்' (மஞ்சள் குவார்ட்ஸ்) பெரும்பாலும் சூடேற்றிய அமெதிஸ்ட் (ஊதா குவார்ட்ஸ்). மொராக்கோ ட்ரைலோபைட்டில் (அழிந்துபோன கடல் உயிரியின் புதைபடிவம்) ஊசிமுனை அளவு காற்றுக் குழிகள் தெரிந்தால் பிசினில் வார்த்தது. உண்மையானதில் பாறையை உடைத்த விரிசல் வழக்கமாகப் புதைபடிவத்தின் குறுக்கேயும் ஓடும்.

4. பேரம்

இன்னொருவர் கையில் இருக்கும் கல்லுக்கு விலை பேசக் கூடாது. அவர் கீழே வைத்த பிறகே உங்கள் முறை. இந்த மரியாதையை மீறினால் அந்த அறையில் நல்ல சரக்கை உங்களுக்குக் காட்டமாட்டார்கள்.

தட்டிலிருந்து சிறந்த இரண்டை மட்டும் உருவினால் விலை எகிறும், ஏனென்றால் மீதி விற்காது. நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து முழுத் தட்டையும் எடுத்துப் பங்கிட்டுக்கொள்வது லாபம். கடைசி நாட்களில் விலை இறங்கும். திருப்பி அனுப்பும் கூலி வியாபாரியை உறுத்தும். உள்ளே குகைபோல் குழிந்து படிகம் நிறைந்த கனமான அமெதிஸ்ட் கற்களுக்கு இப்படிக் காத்திருக்கலாம். அரிய சிறு படிகத்துக்குக் காத்திருந்தால் அது போயே போய்விடும்.

5. சீட்டும் பொதியும்

சுரங்கம், ஊர், நாடு, விற்றவர், தேதி, விலை ஆகிய ஆறையும் அறையை விட்டு வெளியே வருமுன் எழுதி, கல்லோடு அதே டப்பாவில் போடுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாத கல்லின் மதிப்பு பாதிக்குக் கீழே போகலாம்.

ஊசி ஊசியான ஸ்கோலசைட், பஞ்சுருண்டை போன்ற ஒகனைட் ஆகியவற்றைக் காகிதத்தில் சுற்றவே கூடாது. ஊசி ஒடியும், பஞ்சு படிந்துவிடும், திரும்ப நிமிராது. அடிப்பாகத்தை மட்டும் ஒட்டுக்களிமண்ணால் டப்பாவில் பதியுங்கள். மேல்பாகம் மூடியைத் தொடாமல் இருக்கட்டும். அந்த டப்பாவைப் பெரிய பெட்டியில் வைத்து, சுற்றிலும் பஞ்சு அடையுங்கள். ஹாலைட் வாங்கினால் காற்றுப்புகாத பையில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், அது உப்பு.