துத்தநாக-காற்று மின்கல வினையூக்கி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தாலும் நிதியாலும் உருவாகி, 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருப்பதால், செட்டிநாட்டு மாணவர்களுக்கு இத்துறை அயலானதன்று. துத்தநாகத்தையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் கொண்டு மின்சாரம் தரும், மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க துத்தநாக-காற்று மின்கலத்துக்கு வினையூக்கி தேடுவோர், பொருளைத் தயாரிப்பதில் காட்டும் அக்கறையை அதை அளவிடுவதிலும் காட்ட வேண்டும்.

பிளாட்டினம் கலவாத வினையூக்கியைச் சோதிக்கும்போது, மின்சுற்றை நிறைவுசெய்யும் துணை மின்முனையாகப் பிளாட்டினக் கம்பியையே வைப்பது பெருந்தவறு. நீண்ட சோதனையில் அக்கம்பி சிறிது கரைந்து ஆய்வுப் பொருளின் மேல் படிந்து, இல்லாத திறனை இருப்பதாகக் காட்டிவிடும். கிராஃபைட் தண்டு போதுமானது.

இரும்பு இதைவிட நுட்பமாக ஏமாற்றும். மின்கலத்தின் காரக் கரைசலுக்காகக் கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நுண்ணளவு இரும்பு கலந்திருக்கும். நிக்கல் ஹைட்ராக்சைடு அதை ஈர்த்துக்கொண்டு மின்னேற்றத்தின்போது நிகழும் ஆக்சிஜன் வெளியேற்றத்தில் பன்மடங்கு வேகம் காட்டும். தூய நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படிவைக் கரைசலில் கலக்கி, இரும்பை அது உறிஞ்சியபின் பிரித்தெடுத்துவிட்டுச் சோதிப்பதே நேர்மையான வழி.

வினையூக்கியைத் தாங்கும் கார்பன் பொருள்கள், மின்னிறக்கத்தின்போது நிகழும் ஆக்சிஜன் ஒடுக்கத்தில் நன்கு உழைத்தாலும், மின்னேற்றத்தின் உயர் மின்னழுத்தத்தில் தாமே அரிக்கப்படும். எனவே, இரு வினைகளையும் மாறி மாறிச் செய்தபின் எஞ்சும் திறனையே மதிப்பிட வேண்டும்.

என்னைப் பெரிதும் உறுத்துவது மின்னேற்ற-மின்னிறக்கச் சுழற்சிக் கணக்கு. 0.25 மி.மீ. தடிமனுள்ள துத்தநாகத் தகட்டின் ஒரு சதுர செ.மீ. பரப்பில், கிராமுக்கு 820 மில்லி ஆம்பியர்-மணி என்ற கணக்கில், ஏறத்தாழ 146 மில்லி ஆம்பியர்-மணி அடங்கியிருக்கிறது. சதுர செ.மீ.க்கு 10 மில்லி ஆம்பியர் வீதம் 10 நிமிடம் மின்னிறக்கினால் செலவாவது 1.7 மட்டுமே, அதாவது நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவு. இப்படி ஆயிரம் சுழற்சிகளைக் கடந்தாலும், நிஜப் பயன்பாட்டில் அம்மின்கலம் தாங்குமா என்பது தெரியவராது. ஆகவே எத்தனை சுழற்சி என்பதோடு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு துத்தநாகம் செலவானது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

காற்றையும் மறந்துவிடலாகாது. அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காரக் கரைசலில் கார்பனேட்டாக மாறி மின்முனைத் துளைகளை அடைக்கும். சித்திரை வெயிலில் கரைசலின் நீர் ஆவியாகும். ஐப்பசி மழையில் அதே கரைசல் ஈரத்தை உறிஞ்சும். அறையின் ஈரப்பதத்தை நாள்தோறும் பதிவுசெய்யாமல், மின்கலம் பழுதானதற்கு வினையூக்கியைக் குறை சொல்வது முறையாகாது.