பேஸ்புக்கிலிருந்து சனம் திரண்டு வந்தாலும் சைட் விழாமல் இருக்க

நிலாவெளியில் விடுதி நடத்தும் ஒரு அண்ணனுக்கு வேர்ட்பிரஸில் இணையத்தளம் செய்து கொடுத்திருந்தேன். அறை முன்பதிவு, புறாமலைக்குப் படகு எல்லாம் அதில்தான். வெசாக் விடுமுறைக்கு முன்னர் அவர் பேஸ்புக்கில் போட்ட டொல்பின் வீடியோ ஒன்று நன்றாகப் பரவிவிட்டது. இரவு எட்டு மணிக்கு அழைப்பு: "தம்பி, சைட் திறக்குதில்லை எண்டு சனம் சொல்லுது." திறந்து பார்த்தால் 503, அதாவது சேர்வரால் தாங்க முடியவில்லை என்ற பிழை. திருகோணமலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். அதற்குள் உழைப்பதை வைத்துத்தான் அவர்களுக்கு மிச்ச மாதங்கள் ஓட வேண்டும். அதனால் அந்த இரவு எனக்கு இன்னும் வலிக்கிறது.

பேக்கப் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் படங்கள். கைபேசியில் எடுத்த கடற்கரைப் படம் ஒன்றே 5 எம்பி இருக்கும். படங்களைச் சுருக்கும் ஸ்குவூஷ் (Squoosh) தளத்தில் போட்டு அகலத்தை 1600 பிக்சலாக்கி, அளவு குறைந்த வெப்பி (WebP) வடிவில் சேமியுங்கள். முகப்பில் இருக்கும் பத்துப் படத்துக்குத் தனியாக ஒரு பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்) தேவையில்லை.

அடுத்தது கேஷ். ஒருமுறை தயாரித்த பக்கத்தை எடுத்துவைத்து, வருகிற எல்லோருக்கும் அதையே கொடுப்பது. உங்கள் ஹோஸ்டிங் லைட்ஸ்பீட் (LiteSpeed) என்ற சேர்வர் மென்பொருளில் ஓடினால் லைட்ஸ்பீட் கேஷ் பிளகின்தான் என் தெரிவு. சைட்டுக்கு முன்னால் நின்று கோப்புகளைப் பரிமாறும் கிளவுட்ஃபிளேர் சேவையைப் போட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் அது இயல்பாகப் படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும்தான் கேஷ் செய்யும். பக்கத்துக்கான, அதாவது எச்டிஎம்எல்லுக்கான, கோரிக்கை உங்கள் சேர்வருக்கே வந்து சேரும்.

நான் இடறியது இங்கேதான். எனக்கு அன்றைக்கே கேஷ் இருந்தது. கே6 கருவியால் 200 பேர் ஒரே நேரத்தில் வருவதுபோல் சோதித்தும் இருந்தேன், சைட் அசையவில்லை. பிறகேன் விழுந்தது? பேஸ்புக் இணைப்பை அழுத்தி வருகிறவரின் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் 'எஃப்பிகிளிட்' (fbclid) என்று ஒரு நீண்ட குறியீடு ஒட்டிக்கொண்டு வரும். அது ஆளுக்கு ஆள் வேறு. அந்த சைட்டில் நான் போட்டிருந்த கேஷ் பிளகினுக்கு ஒவ்வொன்றும் புதிய பக்கம். ஆகவே ஒவ்வொருவருக்கும் பக்கத்தைத் தயாரிக்கும் பிஎச்பி நிரலும் டேட்டாபேஸும் முதலிலிருந்து வேலை செய்தன. என் சோதனையோ ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பத் தட்டியது.

லைட்ஸ்பீட் கேஷில் 'டிராப் குவெரி ஸ்ட்ரிங்' (Drop Query String) என்ற பெட்டி உண்டு; அதில் போட்ட குறியீடுகளைக் கேஷ் கணக்கில் எடுக்காது. அதில் எஃப்பிகிளிட் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் சேருங்கள். பிறகு, லாகின் ஆகாத இன்காக்னிட்டோ சாளரத்தில், எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு முகப்புக்குப் போங்கள். முதல் வரியைச் சொடுக்கினால் ரெஸ்பான்ஸ் ஹெடர்களில் (சேர்வர் பதிலோடு அனுப்பும் குறிப்புகள்) 'எக்ஸ்-லைட்ஸ்பீட்-கேஷ்' (x-litespeed-cache) தெரியும். இரண்டாம் முறை அது 'ஹிட்' (கேஷிலிருந்து வந்தது) ஆக வேண்டும். இப்போது முகவரியின் கடைசியில் ஏதாவது ஒரு எஃப்பிகிளிட்டை (?fbclid=abc123 போல) நீங்களே ஒட்டித் திறவுங்கள். முதல் முறையே 'ஹிட்' வந்தால்தான் சரி. 'மிஸ்' என்றால் மேலே போகாதீர்கள்.

அப்புறம் கே6. ஒவ்வொரு கோரிக்கைக்கும் வேறு வேறு எஃப்பிகிளிட் போகும்படி ஸ்கிரிப்டை எழுதுங்கள். ஹோஸ்டிங்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஆட்கள் குறைந்த நேரத்தில் 20 பேரில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள்.

கூட்டம் வரும் நாளில் எந்த அப்டேட்டும் வேண்டாம். லைட்ஸ்பீட் கேஷ், அதன் அமைப்பைப் பொறுத்து, அப்டேட்டுக்குப் பின் கேஷ் முழுவதையும் அழித்துவிடக்கூடும்.

பின்சேர்க்கை: இதன்படி செய்த ஒருவருக்கு சைட் நின்றது, ஆனால் முன்பதிவுப் படிவம் சில நாளில் வேலை செய்யாமல் போயிற்று. படிவத்துக்குள் வேர்ட்பிரஸ் வைக்கும் 'நான்ஸ்' என்ற பாதுகாப்புக் குறியீடு அதிகபட்சம் 24 மணி நேரம்தான் செல்லும். லைட்ஸ்பீட் கேஷோ பக்கத்தை இயல்பாக 7 நாள் வைத்திருக்கும். முன்பதிவுப் பக்கத்தின் முகவரியை 'டு நாட் கேஷ்' பட்டியலில் போட்டதும் படிவம் சரியானது. அண்ணனின் சைட்டிலும் அன்றே போட்டுவிட்டேன்.