எல்லைச் சுரங்கத்தைக் கண்டுபிடிப்பதும் அடைப்பதும்

அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் கடத்தல் சுரங்கத்தைத் தேடுவதென்றால் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில், எல்லையை ஒட்டிய ஓட்டாய் மேசா பகுதியில் தொடங்குங்கள். களிமண் எளிதில் சரியாது. இருபுறமும் சரக்குக் கிடங்குகள். கடத்தல்காரர்களுக்கு இரண்டுமே வசதி.

தரை ஊடுருவும் ரேடாரை மட்டும் நம்பாதீர்கள். ஈரக் களிமண் அலையை விழுங்கிவிடும். சில மீட்டருக்குக் கீழே ஒன்றும் தெரியாது. 2020-இல் இங்கே கண்டுபிடித்ததாக அறிவிக்கப்பட்ட சுரங்கமோ சராசரியாக 70 அடி ஆழத்தில் 4,309 அடி ஓடியது. ஆகவே மேலேயுள்ள கட்டடத்தைப் பாருங்கள்: வியாபாரமே நடக்காத கிடங்கு, அதற்குப் பொருந்தாத மின்கட்டணம், தரையில் நிறம் மாறிய புது சிமெண்ட் சதுரம், வாசல்வரை நீளும் மண் தடம். தோண்டிய மண்ணை ஒளிப்பதுதான் அவர்களுக்குத் தீராத தலைவலி.

சுரங்கத்தின் வாய் கிடைத்ததும் ஆளை இறக்கிவிடாதீர்கள். முதலில் காற்றைச் சோதியுங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், காற்றோட்டம் கொடுத்து மறுபடி அளந்த பிறகே இறங்க வேண்டும். தொங்கும் கம்பிகள் எல்லாவற்றிலும் மின்சாரம் ஓடுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வாயை மட்டும் மூடுவது வீண்வேலை. எல்லைக்கோடு வரை கான்கிரீட் நிரப்புங்கள். மெக்சிகோ பக்கத்தை அப்படியே விட்டால், பழைய பாதையிலிருந்து பக்கவாட்டில் கிளை பிரித்துத் தோண்டிவிடுவார்கள்; அப்படிப் பலமுறை நடந்திருக்கிறது.