பிள்ளையின் கை கோணலாகச் சேர்ந்திருந்தால்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

லண்டன் வந்து இரண்டாவது வாரம். சாப்பிடும்போது என் மகள் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல், வாயைச் சோற்றுக்குக் கொண்டுபோனாள். பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு உள்ளங்கையையும் நீட்டச் சொன்னேன். இடது கை முழுக்கத் திரும்பியது. வலது கை பாதியில் நின்றுவிட்டது. ஊரில் ஊஞ்சலிலிருந்து விழுந்து, முன்கை உடைந்து, நாட்டுக் கட்டுப் போட்டுச் சேர்ந்த கை அது. உங்கள் பிள்ளைக்கும் இப்படி இருந்தால் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் உடைந்த எலும்பு, சின்ன வயதில், வளரும்போதே நன்றாக நிமிரும். ஆனால் முழங்கைப் பக்கம் அப்படியில்லை. மேல்கை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் தோள் முனையில்தான் நடக்கிறது. அதனால் முழங்கையருகே ஏற்பட்ட கோணல் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். எலும்பு முறுக்கிச் சேர்ந்திருந்தாலும் தானாக நேராகாது. முழங்கையின் வெளிப்பக்க முறிவு ஒட்டாமல் விட்டுப்போனால், பல வருடம் கழித்துச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவதுண்டு.

முதலில் ஜிபியிடம், அதாவது உங்கள் வட்டாரக் குடும்ப மருத்துவரிடம் போங்கள். ஜிபியில் பதிவு செய்யக் காசு கிடையாது, முகவரிச் சான்று இல்லையென்று மறுக்கவும் கூடாது. அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரை நேராகப் போய்ப் பார்க்க முடியாது. ஜிபிதான் குழந்தைகள் எலும்புப் பிரிவுக்கு எழுதி அனுப்புவார். அதற்குப் பல வாரங்கள், சில இடங்களில் மாதங்கள் ஆகும். ஆகவே தள்ளிப்போடாமல் பதியுங்கள். விரல் நீலம் பூத்தாலோ, சில்லிட்டு மரத்தாலோ, அதே கையில் மறுபடி அடிபட்டாலோ காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். போவதா வேண்டாமா என்று தெரியாவிட்டால் மருத்துவ ஆலோசனை எண்ணான 111-ஐ அழைக்கலாம்.

பழைய எக்ஸ்ரேக்களை ஊரிலிருந்து வரவழையுங்கள், போனில் எடுத்த படமானாலும் பரவாயில்லை. உடைந்த தேதி, கட்டுப் பிரித்த தேதி இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். நாட்டு வைத்தியம் பார்த்ததை மறைக்காதீர்கள். நான் முதலில் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டேன். எப்படி விழுந்தாள், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று டாக்டர் கேட்டபோது பதறிப்போனேன். அடிபட்ட எந்தக் குழந்தைக்கும் இங்கே கேட்கும் கேள்விதான் அது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேளுங்கள், அதற்கும் கட்டணம் இல்லை. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

அப்புறம், எல்லாக் கோணலுக்கும் ஆபரேஷன் இல்லை. சில மாத இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டே வருவதும் வைத்தியம்தான். மறுபடி எலும்பை வெட்டி நேராக்க வேண்டும் என்றால், அது எதற்காக, கை எவ்வளவு திரும்பும், எப்போது செய்தால் நல்லது என்று கேட்டுத் தெளியுங்கள். அதுவரை ஊருக்குப் போன் செய்து கேட்டு, வீட்டிலேயே எண்ணெய் போட்டு இழுத்து நீவிவிடாதீர்கள்.