நாய் உடம்பில் கட்டி தட்டுப்பட்டால் என்ன செய்வது?

முதலில் அது கட்டிதானா என்று பாருங்கள். முடியை விலக்கி நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், சில சமயம் ரத்தம் குடித்து உப்பிப்போன உண்ணியாக இருக்கும், இல்லையென்றால் முலைக்காம்பாக இருக்கும் (ஆண் நாய்க்கும் உண்டு).

கட்டிதான் என்றால் பிதுக்க வேண்டாம், மஞ்சள் அரைத்துப் பூசவும் வேண்டாம். பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுத்து, எந்த இடம், என்ன தேதி, எத்தனை சென்டிமீட்டர் என்று போனிலேயே குறித்து வையுங்கள், ஏனென்றால் தினமும் தடவுகிற கைக்கு அது வளர்வது தெரியாது. அப்புறம் உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்புறம் என்று இரண்டு பக்கமும் வலியில்லாமல் நெறி கட்டியிருந்தால் அது லிம்ஃபோமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

"மெத்தென்று இருக்கு, விரலுக்கு நகருது, வெறும் கொழுப்புக் கட்டிதான், விடுங்க" என்று யாராவது சொல்வார்கள். வயதான, குண்டான நாய்களுக்கு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மாஸ்ட் செல் கட்டி என்று ஒரு தோல் புற்றுநோய் இருக்கிறது, அதுவும் அதே மாதிரி மெத்தென்று இருக்கலாம், தொட்டால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சுரந்து வீங்கலாம், பிறகு தானாகவே சுருங்கலாம், நாமும் சரியாகிவிட்டது என்று நிம்மதியாகிவிடுவோம். தடவிப் பார்த்து இரண்டையும் பிரிக்க டாக்டராலும் முடியாது.

அதனால் கட்டி 1 சென்டிமீட்டரைத் தொட்டாலோ, 1 மாதமாகியும் போகவில்லை என்றாலோ ஊசியில் செல் எடுத்துப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். தடுப்பூசி போடுவது போன்ற மெல்லிய ஊசிதான், பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம். ஊசியில் வந்ததை ஸ்லைடில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதில் தெளிவாகவில்லை என்றால் பயாப்சி, அதாவது கட்டியில் சின்னத் துண்டு வெட்டி எடுத்துப் பார்ப்பது. அதற்கு முன்பே ஸ்டீராய்டு கொடுக்கலாம் என்றால், செல் எடுத்த பிறகு போடலாமா என்று கேளுங்கள். லிம்ஃபோமாவும் மாஸ்ட் செல்லும் ஸ்டீராய்டில் சுருங்கும், பரிசோதனை முடிவு குழம்பிப்போகும்.

வேகமாக வளர்வது, புண்ணாகி ரத்தம் கசிவது, வாய்க்குள்ளோ விரலிலோ வருவது, பெண் நாயின் மடியில் வருவது, இவை எதற்கும் அந்த 1 மாதக் கணக்கு கிடையாது. ஓரிரு நாளில் சூடாக, தொட்டாலே கத்துகிற அளவுக்கு வலியோடு வீங்கினால் சீழ்கட்டியாக இருக்கலாம், கீறிச் சீழை எடுக்க வேண்டியிருக்கும். முகம் திடீரென்று வீங்கி மூச்சு இழுத்தால் நடுராத்திரி என்றாலும் கிளம்புங்கள். குட்டிகளுக்கு பட்டன் மாதிரி சிவப்பாக வருவது ஹிஸ்டியோசைட்டோமா என்ற ஆபத்தில்லாத கட்டியாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே சுருங்கி மறைந்துவிடும், ஆனால் அதுதானா என்பதையும் ஊசிதான் சொல்லும்.

வலிக்கிறதே என்று நம் பாராசிட்டமாலையோ ஐபுப்ரோஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷம்.

ஆபரேஷன் என்று முடிவானால், எடுத்த கட்டியைத் தூக்கிப் போடாமல் லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். என்ன கட்டி என்பதோடு, ஓரங்களில் மிச்சம் இருக்கிறதா என்பதும் அந்த ரிப்போர்ட்டில்தான் வரும்.