ஆல்ஜினேட் ஜெல்லில் டாக்ஸோரூபிசின்: மருந்து வெளியேற்றச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்பாசியிலிருந்து கிடைக்கும் சோடியம் ஆல்ஜினேட்டை 2 சதவீதக் கரைசலாக்கி, டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கலந்து, 0.1 மோலார் கால்சியம் குளோரைடில் சொட்டு சொட்டாக விட்டால் ஹைட்ரோஜெல் (நீர் நிறைந்த மென்கூழ்) மணிகள் கிடைத்துவிடும். செய்வது எளிது. மருந்து என்ன வேகத்தில் வெளியேறுகிறது என்று அளக்கும்போதுதான் ஏமாந்து போகிறோம்.

முதல் தவறு, வழக்கமான பாஸ்பேட் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) மணிகளைப் போடுவது. ஆல்ஜினேட் சங்கிலிகளைப் பிணைத்து வைத்திருப்பது கால்சியம். அதைப் பாஸ்பேட் பற்றி இழுக்கிறது. பஃபரில் உள்ள சோடியமும் கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கிறது. மணி உப்பி, குழைந்து, கடைசியில் கரைகிறது. கரைசல் லேசாகக் கலங்கினால் அது கால்சியம் பாஸ்பேட் படிவு. அப்போது கிடைக்கும் வரைபடம் பஃபர் ஜெல்லைக் கரைத்த வேகத்தைத்தான் காட்டும். பாஸ்பேட்டைத் தவிர்த்து, ஹெப்பீஸ் அல்லது ட்ரிஸ் பஃபரில் 0.9 சதவீத சோடியம் குளோரைடும் 1 முதல் 2 மில்லிமோலார் கால்சியமும் சேருங்கள். சோடியத்தை விட்டுவிட வேண்டாம். உடலிலும் அது உண்டு.

அடுத்தது, ஜெல்லின் வலைக்கண்கள் (சங்கிலிகளுக்கு இடையிலான துளைகள்) மருந்தைத் தடுத்து நிறுத்தும் என்ற நம்பிக்கை. ஜெல்லின் கண்கள் பல நானோமீட்டர் அகலம். டாக்ஸோரூபிசினோ ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். அதைப் பிடித்து வைப்பது மின்னேற்றம்: மருந்து நேர்மின், ஆல்ஜினேட் எதிர்மின். ஆகவே இதே ஜெல்லில் 5-புளூரோயூராசில் என்ற வேறொரு புற்றுநோய் மருந்தை ஏற்றிவிட்டு அதே நீடித்த வெளியேற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது. அந்தப் பிடிப்பு அதற்கு இல்லை.

வெளியேற்றம் 40 சதவீதத்தில் நின்றுவிட்டால் மீதி ஜெல்லுக்குள் இருப்பதாக உடனே எழுதிவிடாதீர்கள். டாக்ஸோரூபிசின் 37 டிகிரியிலும் பிஎச் 7.4-இலும் நாளாக ஆகச் சிதையும், வெளிச்சத்தில் கெடும், குழாய்ச் சுவரிலும் ஒட்டும். குழாயை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். அளவு தெரிந்த மருந்தை ஜெல் இல்லாமல் அதே பஃபரில், அதே வெப்பத்தில், அத்தனை நாளும் பக்கத்திலேயே வைத்து அளந்து வாருங்கள். இந்த ஒரு குழாய் இல்லாத தரவை நம்ப முடியாது. அளவீட்டுக் கோட்டையும் (ஒளிர்வை மருந்தின் அளவாக மாற்ற உதவும் வரைகோடு) அதே பஃபரில்தான் போட வேண்டும். ஒளிர்வு (480-இல் தூண்டி 590 நானோமீட்டரில் அளப்பது) ஊடகத்துக்கு ஊடகம் மாறும்.

10 மில்லியில் 1 மில்லி எடுத்துப் புதுப் பஃபர் ஊற்றினால், எடுத்த மாதிரியிலிருந்த மருந்தை அடுத்தடுத்த கணக்குகளில் கூட்டியாக வேண்டும். ஏற்றிய அளவைக் கணக்கிடும்போது கால்சியம் குளோரைடு குளியலிலும் கழுவிய நீரிலும் போன மருந்தைக் கழியுங்கள். மருந்து வெளியேறும் விதத்தை விவரிக்கும் கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் சமன்பாட்டை முதல் 60 சதவீத வெளியேற்றத்துக்கு மட்டுமே பொருத்தலாம்.

செல் சோதனைக்கு ஜெல்லை நன்றாகக் கழுவுங்கள். மிஞ்சிய கால்சியமே செல்லைக் கொல்லக்கூடும். வெறும் ஜெல், அதே அளவு தனி மருந்து, இரண்டையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். மருந்து சிவப்பு நிறம் என்பதால், செல் இல்லாத குழியிலும் மருந்தை இட்டு எம்டிடி (உயிருள்ள செல்களை நிறமாற்றத்தால் கணக்கிடும் சோதனை) அளவீட்டைச் சரிபாருங்கள். கிருமி நீக்க 121 டிகிரி ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி) வேண்டாம்: ஆல்ஜினேட் சங்கிலி அறுந்து ஜெல் வலுவிழக்கும். நீர்த்த கரைசலை 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் செலுத்தி, உறைய வைத்து உலர்த்தி, கிருமி புகாதபடி மறுபடி 2 சதவீதமாகக் கரைத்துக்கொள்ளலாம்.