ஹோட்டல்ல புதுசா சூப்பர்வைசர் ஆனவங்களுக்கு: ஆளுங்கள பாத்துக்கறது எப்படி?

பெங்களூர் ஹோட்டல்கள்ல நம்ம பசங்க நிறைய பேரு கேப்டன், சூப்பர்வைசர்னு ப்ரமோஷன் வாங்கிட்டு முதல் மாசமே முழிக்கிறாங்க, ஏன்னா டேபிள் செட்டப்பும் ரூம் செக்கும் அத்துப்படி, ஆளுங்கள வெச்சு வேலை வாங்கறத மட்டும் யாரும் சொல்லித் தர்றதில்ல. ஆஃபர் லெட்டர், பி.எஃப் எல்லாம் ஹெச்.ஆர் பாத்துக்கும். ஆனா வேலைக்கு வந்த பையன் நிக்கறதா ஓடறதான்னு முடிவு பண்றது பெரும்பாலும் உங்கள வெச்சுதான்.

ஸ்டெப் 1: எது உங்களோடது?

ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிஃப்ட்னு போடற லிஸ்ட்), லீவு, ட்ரெயினிங், சின்னச் சின்ன சண்டை, அப்ரைசல் (வேலைய மதிப்பிடறது), இதெல்லாம் உங்க தலையில. சஸ்பெண்ட், டிஸ்மிஸ் உங்களோடது இல்ல. கோவத்துல "நாளையிலருந்து வராத"ன்னு சொல்லிடாதீங்க, விசாரணை இல்லாம ஆளத் தூக்கினா லேபர் கோர்ட் வரைக்கும் போகும். இன்னொண்ணு, மாசம் 21,000 ரூபா வரைக்கும் வாங்கறவங்க ஈ.எஸ்.ஐ-ங்கற தொழிலாளர் இன்சூரன்ஸ்ல வருவாங்க, அதனால கிச்சன்ல யாருக்காவது கத்தி பட்டுச்சுன்னா ஃபர்ஸ்ட் எய்ட் முடிஞ்ச கையோட ஹெச்.ஆருக்கு எழுத்துல தெரியப்படுத்திடுங்க, "சின்ன காயம்தானே"ன்னு விட்டா பின்னாடி க்ளெய்ம்ல மாட்டிக்குவீங்க.

ஸ்டெப் 2: ரோஸ்டர்

பாதி சண்டை இங்கதான் பொறக்குது. கர்நாடகாவோட 1961 கடைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48, அதுக்கு மேல போனா ஓவர்டைமுக்கு (ஓ.டி) ரெட்டை சம்பளம், வாரம் ஒரு நாள் லீவு. இத மனசுல வெச்சுட்டு பேப்பர எடுங்க.

நைட் க்ளோசிங் போட்டவனுக்கு மறுநாள் காலைல ஓப்பனிங் போடாதீங்க, பார்ட்டி முடிஞ்சு அவன் ரூமுக்குப் போய் சேரவே ரெண்டு மணி ஆகும். பிரேக் ஷிஃப்டும் (நடுவுல சில மணி நேரம் விட்டு ரெண்டா பிரிச்சுப் போடற டியூட்டி) அப்படித்தான், பக்கத்துல அல்சூர்ல இருக்கறவன் மூணு மணிக்கு வீட்டுக்குப் போய் தூங்கிட்டு ஏழு மணிக்கு வந்துடுவான், ஓசூர்ல இருந்து வர்றவன் அந்த நாலு மணி நேரமும் லாக்கர் ரூம் பெஞ்சுலதான் கெடப்பான், அவனுக்கு இடைவெளி விடாத ஸ்ட்ரெய்ட் ஷிஃப்ட் குடுங்க.

அப்புறம் ஏப்ரல் நடு வாரம். நம்மாளுக்கு தமிழ்ப் புத்தாண்டு, மலையாளிக்கு விஷு, அஸ்ஸாம் பையனுக்கு பிஹு, பெங்கால் பையனுக்கு பொய்லா பொய்ஷாக், எல்லாம் ஏப்ரல் 14, 15-ஐ ஒட்டியே வரும், எல்லாரும் ஒரே லீவு கேப்பாங்க! பிப்ரவரியிலயே பேர் எழுத வெச்சு, இந்த வருஷம் போனவன் அடுத்த வருஷம் டியூட்டின்னு போர்டுல ஒட்டிடுங்க. தமிழ்ப் பசங்களுக்கு மட்டும் தனியா தள்ளிக் குடுத்தீங்கன்னா மத்தவங்க முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க, வேற ஹோட்டல் பாத்துட்டு போயிடுவாங்க. ஷிஃப்டுக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வெச்சு பேசற ப்ரீஃபிங்க தமிழ்லயே ஓட்டறதும் அதே கேஸ்தான்.

ஸ்டெப் 3: புதுசா வந்தவனோட முதல் வாரம்

ஒரு பழைய ஆளோட சேத்து விடுங்க, ஸ்டாஃப் சாப்பாடு எங்க, யூனிஃபார்ம் எங்க மாத்தணும்னு காட்டறதும் அந்த ஆளு வேலைதான். அவ்ளோதான்.

ஸ்டெப் 4: எழுதி வைங்க

"சரியில்லாத ஆளு"ன்னு எழுதினா யாருக்கும் உபயோகம் இல்ல. "12-ஆம் தேதி 7 மணி ஷிஃப்டுக்கு 7.40-க்கு வந்தாரு, கேட்டேன், பஸ் லேட்னு சொன்னாரு" - இப்படி தேதியோட, அவரு சொன்ன காரணத்தோட எழுதுங்க. நல்லா செஞ்சதையும் எழுதுங்க, அப்ரைசல் அன்னைக்கு கடைசி மாசம் நடந்தது மட்டும்தான் ஞாபகம் வரும்.

ஸ்டெப் 5: இதுல மட்டும் பஞ்சாயத்து பண்ணாதீங்க

பாலியல் தொந்தரவுன்னு ஒரு பொண்ணு வந்து சொன்னா "பேசி முடிச்சுக்கலாம்மா"ன்னு சொல்லவே கூடாது. வேலை எடத்துல பாலியல் தொந்தரவ தடுக்கற 2013 சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல உள்புகார் குழு இருக்கணும், எழுத்துல புகார் குடுக்க பொதுவா 3 மாசம் டைம். தொந்தரவு குடுத்தது கெஸ்டா இருந்தாலும் இது பொருந்தும், "கெஸ்ட்டுப்பா, விட்டுரு"ங்கற பேச்சே வேணாம். குழுகிட்ட கூட்டிட்டுப் போங்க, அன்னைக்கே அந்த ஃப்ளோர்ல அந்தப் பொண்ணுக்கு பதிலா வேற ஆள மாத்துங்க, ஆனா மாத்தினதால அவங்களுக்கு ஓ.டி-யோ டிப்ஸோ குறையாம பாத்துக்கோங்க, இல்லன்னா புகார் குடுத்ததுக்கு தண்டனை மாதிரி ஆயிடும்.

ஸ்டெப் 6: ரிசைன் பண்ண வந்தா

லெட்டர உடனே ஹெச்.ஆருக்கு தள்ளிவிடாதீங்க. கேன்டீன்ல ஒரு டீ வாங்கிக் குடுத்து கேளுங்க, ஹெச்.ஆர் ஃபார்ம்ல "சொந்தக் காரணம்"னுதான் எழுதுவான், உங்ககிட்டதான் ஷிஃப்ட் பிரச்சினையா, ரூம் வாடகையா, இல்ல நீங்களே பிரச்சினையான்னு சொல்லுவான். ஷிஃப்ட்னா அடுத்த ரோஸ்டர்லயே மாத்திப் பாருங்க.